தெர்மோஸ்டாட் மூடிக்கு ஒரு தோல் துண்டு

கொதிக்கிற பாத்திரத்திலிருந்து இடுக்கியால் தோல் துண்டை எடுத்துக் காகிதத்தில் வைத்தபோதுதான் அந்த யோசனை வந்தது.

ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையின் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். நாங்கள் தினம் முப்பது நாற்பது முறை செய்கிற சோதனை ஒன்று உண்டு. குரோமில் பதனிட்ட நீலத் தோலில் விரல் நீளத்துக்கு ஒரு துண்டு வெட்டுவோம். காகிதத்தில் வைத்துச் சுற்றிலும் பென்சில் கோடு போட்டுக்கொண்டு, கொதிக்கும் தண்ணீரில் மூன்று நிமிடம் போடுவோம். பிறகு எடுத்து அதே கோட்டுக்குள் வைத்துப் பார்ப்போம். கோட்டை நிரப்பினால் பாஸ். சுருங்கியிருந்தால் மொத்தச் சரக்கும் மறுபடி பதனிடும் டிரம்முக்குப் போகும். அன்றைக்கு அந்தத் துண்டு ஒரு முடியளவுகூட இடம் விடாமல் கோட்டை நிரப்பிக்கொண்டு கிடந்தது. நூறு டிகிரியில் சுருங்காதது, தொண்ணூறு டிகிரியில் ஓடும் கார் இன்ஜினில் சுருங்கிவிடுமா என்ன?

மூன்று வாரமாகவே எதைப் பார்த்தாலும் எனக்குக் காராகத்தான் தெரிந்தது.

எங்கள் வீட்டுக் கார் பழசு. நான் ஏழாவது படிக்கும்போது அப்பா செகண்ட் ஹேண்டாக வாங்கியது. அப்போதே அதற்கு ஆறு வயது. அதை விற்றுவிடலாம் என்று ஒவ்வொரு கிறிஸ்துமசுக்கும் பேச்சு வரும், புத்தாண்டு ஆராதனைக்குள் அடங்கிவிடும். இந்த முறை விற்கிற பேச்சையே யாரும் எடுக்கவில்லை. அக்கா தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்திருந்தாள். ஒன்பதாவது மாதம். அவளைப் பார்க்கிற டாக்டர் வேலூரில், அம்மா நர்ஸாக வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில். ஆம்பூரிலிருந்து வேலூர் போக ஹைவேயில் ஒரு மணி நேரம். அம்மாவுக்கு ஷிப்ட் இருக்கும் வாரங்களில் அங்கேயே தங்கிவிடுவார். அப்பா கண் ஆபரேஷன் செய்துகொண்டு கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தார். அக்காவின் கணவர் ராணுவத்தில், வடக்கே எங்கோ பனியில். குழந்தை பிறந்த பிறகுதான் லீவு. ஆக வீட்டில் வண்டி ஓட்டத் தெரிந்த ஒரே ஆள் நான்.

"டாக்ஸிக்குச் சொல்லி வெச்சிடு" என்று அம்மா போனில் சொன்னார். "எதுக்கும்மா? வண்டி இருக்கு, நான் இருக்கேன்" என்றேன். ராணுவத்திலிருந்து மாமாவும் போன் செய்தார். லைன் விட்டு விட்டு வந்தது. "உன்ன நம்பித்தான் இங்க டியூட்டி பாக்குறேன்" என்றார். "நிம்மதியா இருங்க மாமா" என்று நான் சொன்னது எனக்கே ரொம்ப கம்பீரமாகக் கேட்டது.

அதற்கு அடுத்த நாள்தான் காரின் கீழே தரையில் அந்தப் பச்சைப் புள்ளியைப் பார்த்தேன். ஐந்து ரூபாய் நாணயத்தின் அகலம். தொட்டு முகர்ந்தால் லேசாகத் தித்திப்பு வாடை. கூலண்ட். இன்ஜின் சூட்டை இழுத்துக்கொண்டு ரேடியேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவே ஓடும் பச்சைத் தண்ணீர்.

ஒரேயடியாகக் கொட்டியிருந்தால் நான் பயந்திருக்க மாட்டேன். அதற்கு வைத்தியம் தெரியும், மெக்கானிக்கிடம் இழுத்துக்கொண்டு போகலாம். இது அப்படி இல்லை. ஒருநாள் ஒரு சொட்டு, அடுத்த இரண்டு நாள் ஒன்றுமே இல்லை, நான்காம் நாள் இரண்டு சொட்டு. காலையில் பல் துலக்குவதற்கு முன்னால் குனிந்து காரின் அடியைப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. ஷூ பெட்டி அட்டையை விரித்து அடியில் போட்டேன். வாளியில் அக்கா துணி அலசும் சத்தம் கேட்டாலும் ஓடிப்போய்க் காரடியில் குனிந்து பார்த்தேன்.

"கொழந்த எனக்கா, காருக்கா?" என்றாள் அக்கா. அவள் கணக்கு டீச்சர். எதையும் நேராகத்தான் கேட்பாள். "என்ன விட அதத்தான்டி நீ ஜாஸ்தி குனிஞ்சு பாக்குற."

மெக்கானிக் என்னோடு பத்தாவது வரை டியூஷன் படித்தவன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஷெட் போட்டிருக்கிறான். பத்து நிமிடம் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு இன்ஜின் தலைப்பக்கம் விரலை வைத்தான். ரேடியேட்டருக்குப் போகும் பெரிய ரப்பர் குழாய் வந்து மாட்டுகிற இடத்தில் கைக்குள் அடங்குகிற ஓர் உலோக மூடி. உள்ளே தெர்மோஸ்டாட் இருக்கும். தண்ணீர் சூடான பிறகு திறந்துவிடும் வால்வு அது. மூடியின் விளிம்பைச் சுற்றிப் பச்சை உப்பு படிந்திருந்தது.

"மூடிக்கு அடில கசியாம அடைக்க பேப்பர் கேஸ்கட் இருக்கும். அது போய்ட்டிருக்கு. சூடானா கசியும், ஆறினா நின்னுடும். அதான் உன்னோட கண்ணாமூச்சி ஆடுது."

"மாத்திடு."

"இந்த மாடலுக்கு இங்க எவன் வெச்சிருக்கான்? வேலூர்ல சொல்லணும். நான் நாளைக்கு மச்சான் கல்யாணத்துக்கு பெங்களூர் போறேன். வந்து மாட்டுறேன். அதுவரைக்கும் தண்ணி பாத்து ஊத்து. வேற எதுலயும் கை வைக்காத, லேப் மேடம்."

'லேப் மேடம்' என்பதை அவன் சொல்லும் விதமே என்னை எதிலாவது கை வைக்கச் சொல்லும்.

அவன் ஊருக்குப் போன மறுநாள்தான் அந்தக் கொதிநீர் பாத்திரத்தின் முன்னால் நின்றிருந்தேன். ஐந்து நாளில் அக்காவுக்கு வேலூரில் செக்கப். அதற்குள் வலியே வந்துவிட்டால்? காலை ஆறிலிருந்து எட்டு மணிவரை ஆம்பூரில் ஒரு வாடகை வண்டி பிடித்துப் பாருங்கள். வேனும் ஆட்டோவும் அத்தனையும் ஃபேக்டரிக்கு ஆள் ஏற்றிக்கொண்டிருக்கும். பேரணாம்பட்டிலிருந்தும் ஆலங்காயத்திலிருந்தும் வருகிற பெண்கள் வேன் கதவில் தொங்காத குறையாக வந்து இறங்குகிற நேரம் அது. குழந்தைகளுக்கு ஷிப்ட் நேரம் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் புடவையை மாற்றிவிட்டு பானெட்டைத் திறந்தேன். அப்பா கறுப்புக் கண்ணாடியோடு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து பக்கத்தில் போட்டார்.

"எனக்கு எல்லாமே பனி மூட்டமா தெரியுது. ஆனா நீ பயப்படுறது மட்டும் நல்லா தெரியுது."

"பயமெல்லாம் இல்லப்பா."

"அப்ப ஏன் ஒரே போல்ட்ட நாலு வாட்டி துடைக்கிற?"

மூடியில் இரண்டே போல்ட். கழற்றினால் பழைய கேஸ்கட் ஊறின அட்டையாக வந்தது. பிளேடால் சுரண்டினேன். மூடியைக் காகிதத்தில் கவிழ்த்துச் சுற்றிக் கோடு போட்டேன். கை தானாகச் செய்தது, தினம் செய்கிற வேலைதானே. ஃபேக்டரியில் கழித்துப்போட்ட சாம்பிள் துண்டுகள் ஒரு பை நிறைய வீட்டில் இருந்தன. முதலில் நீலத் தோலைத்தான் வெட்டினேன். மெல்லிசு, பஞ்சு மாதிரி. போல்ட்டை முறுக்கியதும் நாக்கைத் துருத்துவதுபோல வெளியே பிதுங்கியது. இரண்டு மடிப்பு வைத்தால் இன்னும் மோசம். பைக்குள் கையை விட்டுத் துழாவினேன். ஷூவின் உள்ளடிக்குப் போடுகிற பழுப்புத் தோல் கிடைத்தது. அட்டைபோலத் தட்டையாக, விறைப்பாக, பழைய கேஸ்கட்டின் அதே கனத்தில் இருந்தது. பார்க்கவே கேஸ்கட் மாதிரி இருந்தது. வெட்டினேன், துளை போட்டேன், வைத்தேன், முறுக்கினேன். வாசல் குழாயிலிருந்து தண்ணீர் பிடித்து ஊற்றி இன்ஜினைக் கிளப்பினேன்.

ஒரு சொட்டு இல்லை.

திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் காரிலேயே ஃபேக்டரிக்குப் போய் வந்தேன். போக ஆறு கிலோமீட்டர், வர ஆறு. அட்டை காய்ந்தே கிடந்தது. மெக்கானிக்குக்குப் போட்டோ அனுப்பினேன், கீழே எதுவும் எழுதாமல், காய்ந்த அட்டையை மட்டும். அவன் கல்யாண வீட்டிலிருந்து ஒரு கேள்விக்குறி அனுப்பினான். பதில் போடவில்லை. திரும்பி வந்து அவன் வாய் பிளப்பதை நேரில் பார்க்கவேண்டும்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு அக்காவைப் பின்சீட்டில் உட்காரவைத்துக் கிளம்பினேன். முதுகுக்கு இரண்டு தலையணை. மாதனூர் தாண்டும்வரை அவள் பெயர்களைச் சொல்லிக்கொண்டே வந்தாள். நான் ஒவ்வொன்றையும் வேண்டாம் என்றேன். வெயில் ஏறிவிட்டது. ஏசியைக் கூட்டினேன்.

பள்ளிகொண்டாவுக்குக் கொஞ்சம் முன்னால் சூடு காட்டும் முள்ளைப் பார்த்தேன். நடுவைத் தாண்டி நின்றது. கண் மயக்கமோ என்று ஒருமுறை சாலையைப் பார்த்துவிட்டு மறுபடி பார்த்தேன். இன்னும் மேலே போயிருந்தது. ஏசியை அணைத்தேன்.

"ஏன்டி அணைச்ச?"

"சும்மா. கொஞ்சம் காத்து வரட்டும்."

"பொய் சொல்லும்போது உனக்கு கீச்சுக் குரல் வரும். இன்னா ஆச்சு?"

பதில் சொல்லத் தேவையிருக்கவில்லை. பானெட் விளிம்பிலிருந்து வெள்ளையாக ஆவி கிளம்பியது. ஓரம்கட்டி நிறுத்தினேன். இறங்கி ஓடிப்போய் பானெட்டைத் தூக்கியதும் புஸ்ஸென்று முகத்துக்கு நேரே வந்தது. மூடியின் அடியிலிருந்து தண்ணீர் விசிறியடித்துக்கொண்டிருந்தது. ஏதாவது செய்தாக வேண்டும் என்ற வேகத்தில் துப்பட்டாவைக் கையில் சுற்றி ரேடியேட்டர் மூடியைத் திறக்கப் போனேன்.

"கைய எடு!"

அக்கா வகுப்பில் கத்துகிற குரல். ஒரு கையால் கதவையும் மறு கையால் வயிற்றையும் பிடித்துக்கொண்டு இறங்கி நின்றிருந்தாள். "குக்கர ஆவி அடங்காம தொறப்பியா? கைய எடுத்துட்டு இந்தப் பக்கம் வா."

வந்தேன். புளியமரத்து நிழலில் அவளைத் தலையணை மேல் உட்காரவைத்தேன். முகம் சிவந்து வியர்த்திருந்தாள். லாரிகள் போகும்போதெல்லாம் தரை அதிர்ந்தது, அவள் வயிற்றில் கை வைத்துக்கொண்டாள். "வலிக்குதாக்கா?" என்று நிமிடத்துக்கு ஒருமுறை கேட்டேன். "நீ கேக்கும்போது மட்டும் வலிக்குது" என்றாள்.

இதற்குள் விசிறியடிப்பது நின்றிருந்தது. மூடிக்கு வெளியே தோல் விளிம்பு ஒரு பக்கம் சுருண்டு நீட்டிக்கொண்டிருந்தது. குச்சியால் நெம்பினேன். ஒரு துணுக்கு உடைந்து கையில் வந்தது. உடைந்து! தோல் எங்கேயாவது உடையுமா? கறுத்து, அப்பளம்போல நெளிந்து, நான் வெட்டிய அளவில் முக்கால்வாசிகூட இல்லாமல் இருந்தது.

அதைப் பார்த்த மாத்திரத்தில் புரிந்துவிட்டது. நீலத் தோல் குரோமில் பதனிட்டது, அதனால்தான் கொதிநீரைத் தாங்குகிறது. பழுப்புத் தோல் மரப்பட்டைச் சாற்றில் பதனிட்டது. எண்பது டிகிரியைத் தாண்டினால் சுருங்க ஆரம்பித்துவிடும். கல்லூரியில் இது இரண்டு மார்க் கேள்வி, நான் எழுதி வாங்கியிருக்கிறேன். எங்கள் கூடத்தில் பட்டைத் தோலை யாரும் கொதிக்கவைத்துப் பார்ப்பதில்லை. அது சுருங்கும் என்பது டிரம் கழுவுகிறவர் வரைக்கும் எல்லோருக்கும் தெரியும். ஆறு கிலோமீட்டர் ஓட்டத்தில் இன்ஜின் முழுதாகச் சூடேறவே இல்லை, தோல் தண்ணீரில் ஊறி உப்பி நன்றாக அடைத்துக்கொண்டிருந்தது. அதைத்தான் நான் வெற்றி என்று போட்டோ எடுத்தேன். தினம் நாற்பது துண்டைக் கொதிக்கவைக்கிறவள், அக்கா உட்காரப்போகிற வண்டிக்கு வைத்த ஒரே துண்டைக் கொதிக்கவைத்துப் பார்க்கவில்லை.

ஃபேக்டரி வேன் ஒன்று தானாகவே வந்து நின்றது. காலை டிரிப் முடித்து, வேலூரில் ஏதோ சாமான் ஏற்றப் போகிற வண்டி. பேரணாம்பட்டு டிரைவர். அக்காவைப் பார்த்ததும் வேறெதுவும் கேட்காமல் முன் சீட்டைத் துடைத்தார்.

"ஏறும்மா. மெதுவாவே போலாம்."

"வண்டி இங்கயே நிக்குதேண்ணா" என்றேன்.

"ஓடுற வண்டியா இருந்தா இங்க எதுக்கு நிக்குது? எவனும் தூக்கிட்டுப் போக மாட்டான். நீயும் ஏறு."

டாக்டர் பார்த்துவிட்டு இரண்டு உயிரும் நன்றாக இருக்கின்றன என்றார். அம்மா ஷிப்டிலிருந்து வந்து அக்காவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார், என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதைவிடத் திட்டியிருக்கலாம்.

மெக்கானிக் அன்று சாயங்காலமே ஊர் வந்து சேர்ந்திருந்தான். காரை எங்கள் வீட்டு வாசலுக்குக் கட்டி இழுத்துவந்து மூடியைக் கழற்றினான். உள்ளேயிருந்ததை ஸ்க்ரூடிரைவர் முனையில் தூக்கிப் பிடித்தான்.

"இன்ஜினுக்கு ஷூ போட்டுருக்க. அடுத்து லேஸ் கட்டுவியா?"

நான் சிரிக்கவில்லை. என் முகத்தைப் பார்த்ததும் அவன் நிறுத்திக்கொண்டான். மூடியைத் துணியால் துடைத்து வெளிச்சத்தில் திருப்பினான்.

"தோலு மட்டும் தப்பில்ல. இத பாரு."

உலோக விளிம்பு செல்லரித்த பலகைபோல இருந்தது. சின்னச் சின்னக் குழிகள், குழிக்குள் வெள்ளைத் தூள். புதுப் பேப்பர் கேஸ்கட் போட்டிருந்தாலும் அந்தக் குழிகளின் வழியாகக் கசிந்திருக்கும் என்றான். "இதுக்கு இத்தன வருஷம் இன்னா ஊத்துனீங்க?"

"கூலண்ட் கொஞ்சம், மிச்சமெல்லாம் தண்ணிதான்" என்றார் அப்பா.

"எந்தத் தண்ணி அங்கிள்?"

அப்பா வாசல் குழாய்ப் பக்கம் தலையைத் திருப்பினார். போர்த் தண்ணீர். எங்கள் ஊரில் அதை வாயில் வைக்க முடியாது. சோப்பு நுரைக்காது, குடத்தில் உப்புக் கறை படியும், அதனால்தான் குடிக்கக் கேன் வாங்குகிறோம். அப்பா பதினைந்து வருஷம் அதைத்தான் ஊற்றியிருக்கிறார். இந்த மூன்று வாரமும் நானும் அதைத்தான் ஊற்றினேன். தண்ணீரில் என்னென்ன உப்பு எவ்வளவு இருக்கிறது என்று சோதித்துக் கையெழுத்துப் போடுவதும் எங்கள் கூடத்தின் வேலைதான்.

"மனுசன் குடிக்காதத இன்ஜின் மட்டும் குடிக்குமா? பேஜார் பண்ணிட்டீங்க" என்றான் அவன்.

வேலூரிலிருந்து புது மூடி வந்து, சரியான கேஸ்கட் போட்டு, ரேடியேட்டரைக் கேன் தண்ணீரால் நான்கு முறை அலசி, புதுக் கூலண்ட் ஊற்றியாகிவிட்டது. அவன் ஷெட்டில் வைத்து, ரேடியேட்டர் வாயில் காற்றடிக்கும் பம்ப் ஒன்றை மாட்டி அழுத்தம் ஏற்றினான்; பம்ப்பின் முள் இறங்கினால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். நாங்கள் இரண்டு பேரும் முள்ளைப் பார்த்துக்கொண்டே டீ குடித்தோம். அரை மணி நேரத்தில் முள் ஒரு நூல் இறங்கியது.

"இறங்குதுடா."

"பம்ப்போட வாஷரா இருக்கும். பழைய பம்ப்."

"இருக்குமா, இல்ல அதானா?"

டீ கிளாஸைக் கீழே வைத்தான். "சத்தியமா தெரியல. ஓட்டித்தான் பாக்கணும்."

வீட்டுக்கு வந்தால் ஃப்ரிட்ஜ் கதவில் அக்காவின் கையெழுத்தில் ஒரு தாள். ஆம்புலன்ஸ், டாக்ஸி, பேரணாம்பட்டு வேன்காரர். எங்கள் கார் அதில் இல்லை. வேன்காரர் எந்நேரமும் வருவதாகச் சொல்லியிருக்கிறார், காலை ஆறிலிருந்து எட்டுவரை மட்டும் ஃபேக்டரிக்கு ஆள் ஏற்றப் போய்விடுவாராம். அக்கா ஆஸ்பத்திரிப் பையில் குட்டித் துணிகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். நிமிராமலே கேட்டாள்.

"ஆறுலேர்ந்து எட்டுக்குள்ள வந்துட்டா? ஆம்புலன்ஸும் லேட்டானா? நீயே சொல்லு. உன் வண்டில ஏறலாமா, வேணாமா?"

ஏறு என்று சொல்ல வாய் திறந்தேன். "நாளைக்குச் சொல்றேன்" என்றுதான் வந்தது. அவள் தலையாட்டிவிட்டு அடுத்த துணியை எடுத்தாள். டாக்டர் சொன்ன தேதிக்கு இன்னும் பதினொரு நாள் இருக்கிறது, குழந்தைகள் தேதியைப் பார்த்தா வருகின்றன?

நாளைக்கு லீவு போட்டிருக்கிறேன். பதினொரு மணி வெயிலில் கிளம்பி, அக்கா உட்கார்ந்த இடத்தில் மூன்று தண்ணீர்க் கேன்களை வைத்து பெல்ட் போட்டுவிட்டு, ஏசியை முழுசாக வைத்துக்கொண்டு வேலூர்வரை நிற்காமல் போகப்போகிறேன். ஆஸ்பத்திரி வாசலில் அரை மணி நேரம் இன்ஜினை ஓடவிட்டு, திரும்பி வந்து, ஆறவைத்து, மறுபடி ஒருமுறை. மெக்கானிக் தன் பைக்கில் பின்னால் வருகிறேன் என்றான், வேண்டாம் என்றேன், பிறகு சரி என்றேன். கூலண்ட் மட்டம் இறங்கியிருந்தால், எவ்வளவு கொஞ்சமாக இருந்தாலும், காரணம் எதுவும் கண்டுபிடிக்காமல் நேரே அக்காவிடம் போய், ஏறாதே என்று சொல்லவேண்டும். மாமாவுக்கும் நானே போன் செய்யவேண்டும்.